திருப்பிப் போட்ட கழுதை

என் மாமா ஆசைப்பட்டுப் பட்டாளத்தில் சேரவில்லை. வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவருடைய சிநேகிதன் ஒருவன் கிளம்பினான். தனியாகப் போகப் பயந்து இவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வரிசையில் சும்மா நிற்பானேன் என்று இவரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். சிநேகிதனுக்குத் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணைக்குப் போனவரை எடுத்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு இருபது வயது. என் அம்மாவுக்கு ஒரே தம்பி.

அதுவரை அவர் ஆரணியிலேயே பட்டுச் சேலைகளுக்கு டிசைன் வரைந்துகொண்டிருந்தார். கிராஃப் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி அன்னம், மயில், யானை என்று கரைக்கு வேண்டியதை வரைவார். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை தறியில் ஏறினால் அன்னம் சேலையில் இறங்கும். இரண்டு அன்னங்கள் எதிரெதிரே நிற்கிற மாதிரி வேண்டுமானால் மாமா இரண்டை வரையமாட்டார். ஒன்றை வரைந்து, தாளை மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபக்கம் அப்படியே எடுத்துவிடுவார். திருப்பிப் போடுவது என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சேலைக் கரையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் எந்த ஜோடியும் உண்மையில் ஒரே பறவைதான்.

வேலை முடிந்த தாள்களின் பின்பக்கத்தில் அவர் எனக்குப் படக்கதை வரைந்து தருவார். சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் பழைய படக்கதைப் புத்தகங்கள் கயிற்றில் தொங்கும். அத்தனையையும் நாங்கள் இரண்டு பேரும் படித்து முடித்திருந்தோம். அவற்றில் வரும் வீரர்கள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை யாரையாவது சுட்டுக்கொண்டே இருப்பார்கள். மாமாவின் கதைகளில் யாரும் சுடமாட்டார்கள். வாடகை வீடு தேடும் ஓர் ஆமை, வேலைக்குப் போகப் பிடிக்காத ஒரு பல்லி, இப்படித்தான் இருக்கும். எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. பட்டாளத்துக்குப் போனதும் சரியாகிவிடுவார் என்று நம்பினேன்.

பட்டாளத்தில் அவரிடம் துப்பாக்கியை விடக் கழுதையைத்தான் அதிகம் கொடுத்தார்கள். வடக்கே மலை உச்சியில் இருக்கும் காவல் இடங்களுக்கு வண்டி போகாது. கோவேறு கழுதைகள்தான் சாமான் சுமந்துகொண்டு ஏறவேண்டும். அப்படி ஒரு கழுதைக்கு மாமாவைப் பொறுப்பாக்கினார்கள். இந்தச் செய்தி அப்பாவுக்கு ஒரு மாதத்துக்குச் சோற்றோடு தொட்டுக்கொள்ள ஆயிற்று.

"படிக்காத பசங்கள வாத்தியாருங்க கழுத மேய்க்கப் போன்னு திட்டுவாங்க. உன் தம்பிக்கு அதையே சர்க்கார் உத்தியோகமா குடுத்துட்டாங்க" என்பார் அம்மாவிடம்.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் கூரை போட்ட பட்டறை. முழங்கை வரை அவர் கை ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். அன்றைக்கு எந்த நிறமோ அந்த நிறக் கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேலி செய்வார். அம்மா குழம்புக் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

மாமா மாதம் ஒரு இன்லேண்ட் லெட்டர் போடுவார். அதில் அடிப்பகுதி நாலைந்து வரி அம்மாவுக்கு. மீதி இடம் முழுக்க எனக்கு. ஆறு கட்டம் போட்டு அதில் படக்கதை. கதாநாயகன் அவருடைய கழுதை. அதற்கு ஜாகீர்தார் என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் ஊரை ஒரு காலத்தில் ஆண்டவர்களின் பட்டம் அது. ஊரே தன்னுடையது என்கிற மாதிரி அந்தக் கழுதை நடக்குமாம். அதற்கு வலது காது நுனி கிழிந்திருக்கும். எல்லாப் படத்திலும் மறக்காமல் அந்தக் கிழிசலைப் போடுவார்.

அங்கே ஓர் அதிகாரி கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அம்மாவுக்கு எழுதிய வரிகளில் ஊர்ப்பெயரும் எண்களும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். மாமா பனிக்கு என்ன போர்த்திக்கொள்கிறார் என்பதைக்கூட ஒருமுறை அடித்துவிட்டிருந்தார்கள். ஜாகீர்தாரை மட்டும் யாரும் தொடவில்லை. குழந்தைக்கு வரைந்த கழுதைப் படம் என்று விட்டிருப்பார்கள்.

முதல் கடிதத்தில் ஜாகீர்தார் மலையேறியது. முதுகில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், வெங்காயம். வெங்காயத்தின் வாசனைக்கு அதற்குத் தும்மல் வரும். இரண்டாம் கடிதத்தில் ஒரு பெட்டி ஏற்றினார்கள், அதில் வாசனையே இல்லை, சாப்பிடுகிற சாமானாக இருக்காது என்று ஜாகீர்தார் முடிவு செய்தது. மூன்றாம் கடிதம் வந்தபோது கார்கில் சண்டை ஆரம்பித்திருந்தது. அதில் ஜாகீர்தார் முதல் தடவையாக இறங்கும்போதும் மூட்டையோடு வந்தது. கம்பளியில் சுற்றிக் கயிற்றால் கட்டிய நீளமான மூட்டை. "ஏறும்போதெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஏன் இப்படிச் சும்மா வருகிறார்?" என்று ஜாகீர்தார் யோசித்தது. ஆறாவது கட்டத்தில் அது வழுக்குப் பாறைமேல் மெதுவாகக் கால் வைத்தது, மூட்டைக்கு வலிக்கக் கூடாதே என்று.

மூட்டை எப்படிப் பேசும் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவுக்கும் காட்டினேன். அவள் அடுப்பு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் முழுக்கச் சண்டை பற்றியே பேச்சு. இடைவேளையில் மணல் குவியலை மலையாக்கிக்கொண்டு பிடிப்போம். எதிரியாக இருக்க யாரும் சம்மதிக்காததால் தினமும் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியிருந்தது. சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒரு சிப்பாயின் உடல் வந்தது. தலைமையாசிரியர் எங்களையெல்லாம் ரோட்டோரம் வரிசையாக நிற்க வைத்தார். கொடி போர்த்திய பெட்டியோடு ராணுவ லாரி மெதுவாகப் போனது. தலைமையாசிரியர் சல்யூட் அடித்த கையை இறக்கவேயில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பெரியவர்கள் அழுவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. பெட்டி வேறு, கம்பளி மூட்டை வேறு. இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் நாலாவது கடிதம் வந்தது. ஜாகீர்தார் மூடுபனியில் வழி தவறி ஓர் ஓடைக்கு வருகிறது. அக்கரையில் இன்னொரு கோவேறு கழுதை. மாமா தன் பழைய வேலையைக் காட்டியிருந்தார். அட்டகாசமாகத் திருப்பிப் போட்டிருந்தார். ஜாகீர்தாருக்கு வலது காது கிழிசல் என்றால் அதற்கு இடது காது. சேலைக் கரை அன்னம் மாதிரி இரண்டும் எதிரெதிரே தலை குனிந்து ஒரே ஓடையில் தண்ணீர் குடித்தன. "உன் முதுகில் என்ன?" என்று இது கேட்டது. "உன் முதுகில் இருப்பதுதான்" என்று அது சொன்னது. இரண்டின் முதுகிலும் அதே நீள மூட்டை. கடைசிக் கட்டத்தில் இரண்டும் சேர்ந்து புல் மேய்ந்தன. மூட்டைகளைக் கீழே இறக்கி வைக்க அங்கே யாருமில்லை. தொடரும் என்று போட்டிருந்தார்.

அதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் டிராயிங் சார் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தினார். தினமும் வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் வருவார். கடிதத்தைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்கவில்லை. "நல்ல கோடு" என்று மட்டும் சொல்லி, அம்மாவுக்கு எழுதிய பகுதியை உள்பக்கம் மடித்துவிட்டுப் பலகை நடுவில் குத்தி வைத்தார். இரண்டு நாள் அந்தப் பலகை முன்னால் கூட்டமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தலைமையாசிரியர் அதை எடுத்துக்கொண்டு போய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் அறையில் டிராயிங் சாரும் நின்றிருந்தார். கடிதம் மேசைமேல் கிடந்தது. தலைமையாசிரியர் கோபமாக இல்லை. சந்தேகம் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

"இதுல எது நம்ம கழுதை? எது எதிரிக் கழுதை?"

எனக்கு விடை தெரிந்த கேள்வி. பள்ளிக்கூடத்தில் அது எப்போதாவதுதான் நடக்கும்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"என்னது?"

"ஒரே கழுத சார். திருப்பிப் போட்டிருக்கு."

அவருக்குப் புரியவில்லையோ என்று நானே கடிதத்தை எடுத்து நடுவில் மடித்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். வெளிச்சத்தில் இரண்டு கழுதைகளும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. கிழிந்த காதுமேல் கிழிந்த காது, மூட்டைமேல் மூட்டை. பார்த்தீங்களா என்று திரும்பினேன். தலைமையாசிரியர் வெளியூர்க்காரர், தறியே பார்த்திராதவர். அவர் முகம் சிவந்துபோயிருந்தது. போன வாரம் அந்தப் பெட்டிக்கு அழுத கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டிராயிங் சார், பையனுடைய அப்பாவை வரச் சொல்லலாம் என்றார்.

நான் ஓடிப்போய்க் கூப்பிட, அப்பா பட்டறையிலிருந்து அப்படியே வந்தார். அன்றைக்கு அரக்குச் சாயம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வழியிலேயே என்னிடம் விஷயத்தை வாங்கியிருந்தார். தலைமையாசிரியர் படத்தைக் காட்டி, பையன்மேல் தப்பில்லை, இதை யார் வரைந்தார்கள் என்று மட்டும் தெரியவேண்டும், மேலே எழுதிப் போடவேண்டியது தன் கடமை என்றார். உள்பக்கம் மடித்திருந்த பகுதியை அவர் இன்னும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

"இவன்தான் சார் வரஞ்சான்" என்றார் அப்பா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எந்நேரமும் கிறுக்கிகினே இருப்பான், வீட்டிலே பழைய லெட்டர் கிடந்தால்கூட விடமாட்டான், புத்தியில்லாத பிள்ளை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். கழுதை மேய்க்கிற மச்சானை அத்தனை கேலி செய்தவர், அவருக்காக அன்று அந்த அறையில் ஏறக்குறைய அழுதார். எனக்கோ வேறொரு நினைப்பு. மாமா அளவுக்கு நான் வரைவேன் என்று அப்பாவே வாய்விட்டுச் சொல்கிறாரே.

தலைமையாசிரியர், அப்படியானால் அவனே சரியாக மாற்றி வரைந்து கொடுக்கட்டும் என்றார்.

அவர் மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார்கள். டிராயிங் சார் பெரிய வெள்ளைத் தாளும் கலர் பென்சில் பெட்டியும் கொண்டுவந்தார். இந்தக் கழுதைக்கு மூவர்ணக் கொடி போடு, அந்தக் கழுதைக்குப் பச்சைக் கொடியில் பிறை போடு என்று தலைமையாசிரியர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓடையில் தண்ணீர் குடிப்பது வேண்டாம். மூட்டை வேண்டாம், பெட்டியாக இருக்கட்டும். புல் மேயும் கட்டத்தில் நம் கழுதை உதைக்க, மற்றது பள்ளத்தில் விழவேண்டும். நான் அதன் இடது காதுக் கிழிசலையும் போட்டேன். அது எதற்கு என்றார். அழித்துவிட்டேன். டிராயிங் சார் குனிந்து, "பச்சைய லேசா அடி, போதும்" என்றார்.

மறைக்க ஒன்றுமில்லை, எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மாமாவின் கதையில் கடைசியில் ஒரு சண்டை வந்துவிட்டது. வரைந்தது நான்.

சுதந்திர தினத்தன்று அந்தப் படத்தை மேடையில் மாட்டினார்கள். வந்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் என் முதுகில் தட்டி ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் உருது பேசுகிற பையன், இந்தப் பிறை எங்கள் மசூதிமேல் இருப்பது மாதிரியே இருக்கிறது என்றான். நன்றாக வரைந்திருக்கிறேன் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவன் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டான்.

பரிசோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா பட்டறை அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேலே அண்டாவில் சாயத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று கடிதங்களையும் எடுத்துவரும்படி அம்மாவிடம் சொன்னார். நாலாவது தலைமையாசிரியரிடமே தங்கிவிட்டது. அதை அவர் என்றைக்காவது பிரித்துப் பார்த்தாரா, பார்த்துவிட்டும் பேசாமல் இருந்தாரா, எனக்குத் தெரியாது.

அம்மா கடிதங்களைக் கொண்டுவந்தாள். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

"அவன் இன்னா தப்பா எழுதிட்டான்? பாத்தத போட்டிருக்கான்."

"பாத்தத போட்டதுதான் தப்பு" என்றார் அப்பா. "வேல போனாப் போவுது. உள்ள புட்சி வச்சிட்டாங்கன்னா யாரு போயி கேக்கறது? நீ போவியா, நான் போவேனா?"

அம்மா ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அக்காவுக்கு என்று தொடங்கும் பகுதியை மட்டும் நிதானமாகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கறுப்பு மை அடித்த வரிகள் அவளோடு போயின. ஜாகீர்தார் அண்டாவுக்கு அடியில் போனது. எனக்கு அழுகை வரவில்லை. என்னால்தான் அதைவிட நன்றாக வரைய முடியுமே.

அம்மா மாமாவுக்குப் பதில் எழுதும்போது எனக்கென்று பாதிப் பக்கம் விடுவது வழக்கம். அந்தப் பாதியில், பரிசு வாங்கிய படத்தைச் சின்னதாக அப்படியே வரைந்தேன். கொடி, பிறை, உதை, பள்ளம் எல்லாம். கீழே எழுதினேன்: மாமா, நீங்கள் தொடரும் போட்ட கதையை நான் முடித்துவிட்டேன். இனிமேல் நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். எனக்கு முதல் பரிசு. அம்மா பார்ப்பதற்குள் நானே ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் சண்டைப் பேச்சு அடங்கி, மணல் குவியலில் நாங்கள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டோம். கடிதத்தைப் பிரித்தால் எப்போதும் போல ஸ்கேல் வைத்து அளந்த ஆறு கட்டங்கள். ஆறிலும் ஒன்றுமில்லை. அடியில் அம்மாவுக்கு இரண்டே வரி, நலம், கவலைப்பட வேண்டாம் என்று. அந்தத் தடவை ஒரு சொல்லைக்கூட யாரும் அடித்திருக்கவில்லை. அந்த அதிகாரி இப்போது படத்தையே அழித்துவிடுகிறார் போல என்று அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அழித்த தடம் எதுவும் இல்லை. அம்மா உள்ளே போனாள்.

எனக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. பரிசு வாங்கிய பையன் என்று மாமா எனக்கு வரைய இடம் விட்டிருக்கிறார். புது ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு கட்டத்தையும் நிரப்பினேன். விமானம், பீரங்கி, குண்டு, புகை. கடைசிக் கட்டத்தில் ஜாகீர்தாருக்கு ஒரு மெடல். அதை ஓர் உறைக்குள் போட்டு அவருக்கே திருப்பி அனுப்பினேன்.

பொங்கலுக்கு மாமா லீவில் வந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்து, அப்பாவை விட வயதானவர் போல இருந்தார். சாயப் பட்டறையில் அப்பாவோடு உட்கார்ந்து நூலை அலசிக்கொடுத்தார். அப்பா கழுதையைப் பற்றி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. பழைய கிராஃப் தாள்கள் கட்டாகப் பரண்மேல் இருந்தன. நான் இறக்கிக் கொண்டுவந்து பென்சிலையும் வைத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தார், எங்கேயோ காவலாளி வேலை பார்த்தார். ஒரு கோடு வரைந்து நான் பார்த்ததில்லை. நானும் ஒன்பதாம் வகுப்போடு நின்று, திருப்பூர், சூரத் என்று ஊர் ஊராகப் போய்விட்டேன். நேரில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை எல்லாம் வெளியூர்களில் வைத்துத்தான் யோசித்தேன்.

அந்தப் பொங்கல் லீவில் நான் கேட்டது வேறு.

"ஆறு கட்டமும் ரொப்பி அனுப்பினேனே, வந்துதா மாமா?"

"வந்துது மாப்ள."

"நல்லா இருந்துதா?"

"ம். கை நல்லாத் தேறிடுச்சி."

"ஜாகீர்தார் இப்ப இன்னா பண்ணிகினு இருக்கும்?"

அவர் கையிலிருந்த நூலைப் பிழிந்து முடித்தார். நூலிலிருந்து தெளிந்த தண்ணீர்தான் வந்தது. அதற்குமேலும் ஒருமுறை பிழிந்தார்.

"அது எறங்கி வரலடா."

கதையில்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படியானால் கதை இன்னும் இருக்கிறது.

"அப்ப வேற கழுத குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அதுக்கு இன்னா பேரு?"

"பேரு வைக்கல."

நல்ல பெயர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது. சாப்பிட உட்காரும் வரை அவர் பின்னாலேயே போய், நவாப், சுபேதார், கலெக்டர் என்று எனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.